ஏரியலையும் கடலலையும்
(வரும் வாரங்களில் மாமல்லைக் கடல் எப்படி இருக்கும்?)

இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன், தாமல்

பாலாற்றுப் படுகையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எங்கள் ஊரான தாமலுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் ஊருக்கே திருவிழா. கரைமேல் உட்கார்ந்து, காற்று கிளப்பும் சிற்றலைகள் அலைகற்களின்மேல் 'சளப், சளப்' என்று மோதுவதைக் கேட்டுக்கொண்டே பாடம் படித்தவன் நான். அலை என்றால் அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் சென்ற ஆண்டு மாமல்லபுரத்தில் ஒரு காலை நேரத்தில் உடைந்தது.

தேர்வு முடிந்த மறுநாள் நாங்கள் நால்வர் பேருந்தேறிச் சென்றோம். கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாறைகள் இருக்கும் பக்கம் போனோம். கடல் ஏரியைப்போல் அமைதியாக இருந்தது. பத்து நிமிடம் பார்த்தோம். முழங்காலுக்கு மேல் ஓர் அலைகூட வரவில்லை. நண்பன் ஒருவன் நீரில் இறங்கித் தாழ்ந்த பாறை ஒன்றின்மேல் ஏறி நின்றான். வலை உலர்த்திக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் கைதட்டிக் கூவினார்: "தம்பி, அங்கே நிக்காதீங்கப்பா! ஏறி வா இப்படி!" நாங்கள் சிரித்தோம். அடுத்த நிமிடம் தொலைவில் கடல் கறுத்து ஒரு வரி எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் மற்றொன்று. முதல் அலை நண்பனை இடுப்பளவில் தள்ளியது. இரண்டாவது அவனைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தது. நல்லவேளையாக அலை அவனைக் கரைப்பக்கம் வீசியது. முழங்கால் கிழிந்து இரத்தம் வழிய, அவன் பிழைத்து வந்தான். அந்தப் பெரியவர் தம் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டே, "கடல் தூங்குதுன்னு நெனச்சீங்களா தம்பி? அது மூச்சை இழுத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் தேடியதன் விளைவே இக்கட்டுரை. இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது தேர்வும் அதைத் தொடரும் கோடை விடுமுறையும் நெருங்கியிருக்கும். நம்மில் பலர் மாமல்லபுரத்திற்கும் கோவளத்திற்கும் போவோம். போகுமுன் கடலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

அலை எங்கே பிறக்கிறது?

காற்று நீரின்மேல் வீசினால் அலை பிறக்கிறது. அது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை மூன்று காரணங்கள் முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், காற்று வீசும் கால அளவு, எவ்வளவு நீளமான நீர்ப்பரப்பின்மேல் வீசுகிறது என்பது. ஓர் ஏரியில் நீர்ப்பரப்பு மிகச் சில கிலோமீட்டர்களே. ஆதலால் எத்தனை கடுங்காற்று அடித்தாலும் ஓரலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஓரிரு வினாடிகளுக்கு மேல் இராது. இந்த இடைவெளியையே நாம் வகுப்பறையில் அலைவு நேரம் என்கிறோம்.

இனிக் கடலுக்கு வருவோம். பூமியின் தென்பகுதியில், நாற்பதாம் அட்சரேகைக்கும் அறுபதாம் அட்சரேகைக்கும் இடையில், காற்றைத் தடுத்து நிறுத்த நிலமே ஏறக்குறைய இல்லை. அங்கே புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கிலிருந்து கிழக்காகச் சுழன்று செல்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பின்மேல் நாட்கணக்கில் வீசும் அக்காற்று, 15 முதல் 20 வினாடி வரை அலைவு நேரமுள்ள பேரலைகளை எழுப்புகிறது. புயலை விட்டு வெளியேறிய பின்பும் அவை அழிவதில்லை. கூர்மை மழுங்கி, நீண்டு, ஒழுங்குபட்டு, காற்றே இல்லாத கடலிலும் பயணம் செய்கின்றன. இவற்றை நெடுந்தூர அலை என்று அழைக்கலாம். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை வேறு. தொலைவிலிருந்து விருந்தாளியாக வரும் இந்த அலை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

கரும்பலகைக் கணக்கு

எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் மாமல்லபுரத்துக் கதையைச் சொன்னபோது, அவர் கடிந்துகொள்ளவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகைக்குப் போனார். ஆழ்கடலில் அலையின் வேகத்தை அறிய அதன் அலைவு நேரத்தை 1.56 ஆல் பெருக்கினால் போதும். வினாடிக்கு இத்தனை மீட்டர் என விடை வரும். அலைநீளத்திற்கு அலைவு நேரத்தின் இருமடியை 1.56 ஆல் பெருக்கவேண்டும். ஈர்ப்பு முடுக்கத்தை இரண்டு பை என்னும் எண்ணால் வகுத்தால் இந்த 1.56 கிடைக்கும்.

6 வினாடி அலையை எடுத்துக்கொள்வோம். அதன் வேகம் வினாடிக்கு 9.4 மீட்டர், அலைநீளம் 56 மீட்டர். 18 வினாடி அலையின் வேகமோ வினாடிக்கு 28 மீட்டர். அலைநீளம் 505 மீட்டர்! ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையே அரைக் கிலோமீட்டர். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது கண்ணுக்கே புலப்படாது. படகு மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும், அவ்வளவே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தனித்தனி முகடுகள் ஓடும் வேகம் ஒன்று. அலைக்கூட்டம் தன் ஆற்றலைச் சுமந்துகொண்டு போகும் வேகம் வேறு. ஆழ்கடலில் பின்னது முன்னதில் சரிபாதி. எனவே 18 வினாடி அலைக்கூட்டம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,210 கிலோமீட்டரும், 15 வினாடிக் கூட்டம் 1,010 கிலோமீட்டரும், 12 வினாடிக் கூட்டம் 810 கிலோமீட்டரும் நகர்கின்றன. ஒரே புயலில் ஒரே நாளில் பிறந்தவைதாம். ஆனால் நீண்டவை முந்துகின்றன, குறுகியவை பிந்துகின்றன. பட்டகத்தில் வெள்ளொளி வண்ணங்களாகப் பிரிவதுபோல, கடல் அலைகளைப் பிரித்து அனுப்புகிறது.

இதைக்கொண்டு கரையில் இருந்தபடியே புயலின் தொலைவைக் கணக்கிடலாம். இன்று 18 வினாடி அலைகள் வந்து சேர்ந்தன என்றும், சரியாக ஒரு நாள் கழித்து 15 வினாடி அலைகள் வந்தன என்றும் கொள்வோம். 1,210 ஐயும் 1,010 ஐயும் பெருக்கி, அவற்றின் வேறுபாடாகிய 200 ஆல் வகுத்தால் 6,110 என வருகிறது. புயல் ஏறத்தாழ 6,100 கிலோமீட்டருக்கு அப்பால் வீசியது என்பது விடை. மாமல்லையிலிருந்து நேர் தெற்கே அத்தனை தூரம் அளந்தால் நாற்பத்திரண்டாம் தென் அட்சரேகையை அடைவோம். அது புயல்களின் பாதையேதான். ஒரு கைக்கடிகாரமும் பெருக்கல் கணக்கும் தெரிந்த மாணவன் தென்கடல் புயலைக் கரையிலிருந்தே அளக்கமுடியும் என்பதை எண்ணிப்பாருங்கள்!

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அமெரிக்கக் கடலியல் அறிஞர் வால்டர் மங்க், 1963 ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் கடலின் குறுக்கே ஆறு இடங்களில் கருவிகளை வைத்து, தென்கடல் புயல்களில் பிறந்த அலைகள் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்வதை அளந்து காட்டினார். அதற்கும் முன்னரே, இரண்டாம் உலகப் போரின்போது, தம் ஆசிரியர் ஸ்வெர்ட்ரப்புடன் சேர்ந்து அலைகளை முன்கூட்டி அறியும் முறையை வகுத்தவர் அவர். 1944 ஜூன் மாதத்தில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது அம்முறை பயன்பட்டது.

பாரில் அலை ஏன் கவிழ்கிறது?

கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டை நம் கடலோர மக்கள் 'பார்' என்பார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த இடங்களுக்கு முத்துப்பார் என்றே பெயர். அங்குள்ள இருபத்தொரு தீவுகளைச் சுற்றியிருப்பவை பவளப்பாறைகள். மாமல்லைக் கரையில் இருப்பவையோ கருங்கல் பாறைகளும் இடிபாடுகளும். தேசியக் கடலியல் நிறுவனத்தார் 2002 ஆம் ஆண்டில் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் மூழ்கிப் பார்த்து, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் கட்டுமானச் சிதைவுகள் கிடப்பதை அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது, பாறை வரிசைகள் வெளியே தெரிந்ததைப் பலரும் கண்டனர்.

ஓர் அலை தன் அலைநீளத்தில் பாதியளவு ஆழத்திற்கு வந்ததும் தரையை 'உணர'த் தொடங்குகிறது. 6 வினாடி அலைக்கு அந்த ஆழம் 28 மீட்டர்; 18 வினாடி அலைக்கோ 250 மீட்டர். அதாவது நீண்ட அலை கரைக்கு வெகுதூரத்திலேயே தரையை உணர்ந்து, வளைந்து, கடலடியின் மேடு பள்ளங்களுக்கேற்பத் திரும்பி வருகிறது. ஆழம் குறையக் குறைய வேகமும் குறைகிறது. 15 வினாடி அலை ஆழ்கடலில் வினாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் ஓடும். 10 மீட்டர் ஆழத்தில் அது 10 மீட்டருக்கும் குறைந்துவிடும். 350 மீட்டராக இருந்த அலைநீளம் 145 மீட்டர் அளவுக்குச் சுருங்கும். பின்னால் வரும் நீர் முன்னால் நிற்கும் நீரை நெருக்க, அலை உயர்கிறது. உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்திற்கு வந்ததும் அது உடைகிறது.

மெல்லச் சரியும் மணற்கரையில் இந்த உடைவு மெதுவாக நடக்கும். முகடு நுரைத்து வழிந்து ஓயும். பார் இருக்கும் இடத்திலோ ஆழம் திடீரெனக் குறைகிறது. அலையின் அடிக்கால் தடுக்கி நிற்க, தலை முன்னே பாய்ந்து சுருண்டு கவிழ்கிறது. பலகையின்மேல் நின்று சறுக்கும் வீரர்கள் தேடுவது இத்தகைய அலையைத்தான். நீந்தத் தெரியாதவனைப் பாறையில் அடிப்பதும் இதே அலைதான். பார் அசையாது கிடப்பதால் அலை உடையும் இடமும் மாறாது. மணல்திட்டு ஒவ்வொரு பருவத்திலும் இடம் பெயரும், பாறை பெயராது. ஆகவே இத்தகைய இடங்களை நன்கு கற்றறிய முடியும்.

'மூச்சை இழுத்துக்கொண்டிருந்த' கடல்

அந்த முதியவரின் சொல்லுக்கு இப்போது பொருள் விளங்கும். ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணுள்ள இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக ஒலித்தால், ஒலி பெருகியும் சிறுத்தும் கேட்கும். ஆய்வகத்தில் விம்மல்கள் என்று நாம் படிப்பது இதுவே. நெடுந்தூர அலைகளும் இப்படித்தான். ஏறத்தாழச் சமமான அலைவு நேரமுள்ள அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, சில பெரிய அலைகள் கூட்டமாக வருகின்றன. பிறகு பல நிமிடங்களுக்குக் கடல் அடங்கிக் கிடக்கிறது. அலைவு நேரம் நீளும்போது இந்த அமைதியும் நீள்கிறது. அமைதியைப் பார்த்து இறங்கியவன் அடுத்த கூட்டத்தில் அகப்படுகிறான். நாங்கள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஏமாந்ததும் இதனாலேயே.

அறிவிப்பில் கூறப்படும் அலை உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். அது எல்லா அலைகளின் சராசரி அன்று. உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஆதலால் 'ஒன்றரை மீட்டர்' என்று அறிவித்திருந்தால், சில மணி நேரத்தில் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அலை ஒன்று வரக்கூடும். மேலும், உயரம் ஒன்றே ஆனாலும் ஆற்றல் ஒன்றல்ல. ஒரு மீட்டர் உயர 18 வினாடி அலை கரைக்குக் கொண்டுவரும் திறன், அதே உயர 6 வினாடி அலையின் திறனைப்போல் மூன்று மடங்கு. உயரத்தை மட்டும் படித்துவிட்டு அலைவு நேரத்தைப் படிக்காதவன் பாதி அறிவிப்பையே படித்தவன் ஆவான்.

கள்ளக்கடல்

கேரளத்து மீனவர்கள் இவ்வலைக்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாக இருக்கிறது. கள்வனைப்போல் கடல் வந்து கரைக்குள் புகுகிறது. இதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இல்லை. 2012 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் வழக்கிற்கு ஏற்றுக்கொண்டது. கல்லாதவர் என்று நாம் எண்ணும் மக்களின் சொல் உலக அறிவியல் அகராதியில் ஏறியிருக்கிறது!

கள்ளக்கடல் பெரும்பாலும் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் வருவது. நமது விடுமுறைக் காலமும் அதுவேதான். 2024 ஏப்ரல் இறுதியில் தென்கடலில் தோன்றிய புயலின் அலைகள், மே 4 ஆம் நாள் அளவில் நம் நாட்டின் தென்கரையை வந்தடைந்தன. மே 8 அமாவாசை. ஆகவே ஓதமும் ஏறிக்கொண்டிருந்தது. கடலியல் நிறுவனம் முன்னதாகவே எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆயினும் மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையால் இழுக்கப்பட்டு உயிரிழந்தனர். நம் வயதினர், நம்மைப்போல் நண்பர்களோடு கடல் பார்க்கப் போனவர்கள். கணக்கு சரியாகப் போடப்பட்டிருந்தது. விடை உரியவர் காதில் விழவில்லை. இதை எழுதும்போது என் நண்பனின் கிழிந்த முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது.

இனி வரும் வாரங்கள்

இன்ன நாளில் இத்தனை உயர அலை வரும் என்று இந்த மலரில் அச்சிட முடியாது. அலை தென்கடலிலிருந்து வர ஐந்து முதல் ஒன்பது நாள் ஆகும். ஆகவே முன்னறிவிப்பும் ஒரு வாரத்திற்கு மட்டுமே நம்பத்தக்கது. ஆனால் பருவத்தின் இயல்பைச் சொல்லலாம்.

மார்ச் முதல் மே வரை மாமல்லைக் கடல் பெரும்பாலும் அமைதியாகவே காணப்படும். இடையிடையே தெற்கிலிருந்து நெடுந்தூர அலைகள் வரும். தெற்கில் இலங்கைத் தீவு காவல்போல் நிற்பதால், கன்னியாகுமரி பெறும் அடியை நம் கரை முழுமையாகப் பெறுவதில்லை. தீவின் கிழக்குப் புறமாகச் சுற்றி வளைந்து வருபவையே நம்மை அடைகின்றன. காவல் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கலாகாது; காவலையும் மீறித்தான் அன்று எங்களைத் தேடி அலை வந்தது.

காலையில் நிலக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அலைமுகம் வழவழப்பாக நிற்கும். நண்பகலுக்குள் கடற்காற்று எழுந்துவிட்டால் நீர் கலங்கி, அலைகள் ஒழுங்கிழந்து போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீச, தென்மேற்குப் பருவத்தின் அலைகள் ஓயாது வரும். அலைச்சறுக்கு வீரர்களுக்கு அதுவே விளைச்சல் காலம். 2023 ஆகஸ்டில் பன்னாட்டுப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் மாமல்லபுரத்தில் நடைபெற்றன. பின்னதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் புயலும் ஆளும் காலம். குறுகிய, கொந்தளிப்பான அலைகள். அப்போது கடலில் இறங்குவது பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஓதத்தையும் கவனிக்கவேண்டும். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் வேறுபாடு உண்டு. வற்றத்தில் பாரின்மேல் நீர் மெலிந்து அலை கடுமையாகக் கவிழும். ஏற்றத்தில் அலை பாறையைத் தாண்டிக் கரையருகே வந்து உடையும்.

நாம் செய்யவேண்டுவன

ஐதராபாத்தில் 1999 இல் தொடங்கப்பெற்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மிதவைகளும் செயற்கைக்கோள்களும் தரும் அளவுகளைக் கொண்டு ஒவ்வொரு கரைக்கும் அலை அறிவிப்பை வெளியிடுகிறது. கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு முறையை 2020 இல் ஏற்படுத்தியது. பேருந்து ஏறுமுன் அந்த அறிவிப்பைப் பாருங்கள். உயரம், அலைவு நேரம், திசை ஆகிய மூன்றையும் படியுங்கள். அலைவு நேரம் 15 வினாடியைத் தாண்டினால் பாறைப்பக்கம் போகவேண்டாம்.

கரையை அடைந்ததும் அரைமணி நேரம் வெறுமனே பாருங்கள். ஒரு பெரிய அலைக்கூட்டமாவது வந்து போகட்டும். நுரையற்று, அமைதியாக, நிறம் மங்கித் தெரியும் இடைவெளி இறங்குவதற்கு ஏற்ற இடமென்று தோன்றும். அதுவே மிகக் கொடிய இடம். அலைகள் கொண்டுவந்து குவித்த நீரெல்லாம் கலங்கல் வழிவதைப்போல் அவ்வழியாகவே கடலுக்குத் திரும்புகிறது. அதன் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரையும் மிஞ்சும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்காதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகிய பின் கரை சேருங்கள். அகப்பட்டவரைக் காக்க நீந்தத் தெரியாதவர் குதிக்கக்கூடாது. மிதக்கும் பொருள் ஒன்றை வீசுங்கள். மீனவரைக் கூவி அழையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கரையில் வலை உலர்த்தும் பெரியவர் "இறங்காதே" என்றால் இறங்காதீர்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று ஓர் அமைப்பு இருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. நீரைக் கண்காணிப்பதற்கென்றே குடவோலையில் ஆளைத் தேர்ந்தெடுத்தனர் நம் முன்னோர். நீர் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். அதைக் கவனித்துக்கொண்டிருப்பது ஒரு கடமை என்று அவர்கள் கருதியிருக்கவேண்டும். அந்த மண்ணில் படிக்கும் நாம் ஏரியைக் கவனிப்பதுபோலக் கடலையும் கவனிக்கக் கற்போம். விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் நாளில் வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயருக்கும் எதிரே பதில் இல்லாமல் போகக்கூடாது. நண்பர்களே, போய்வாருங்கள், எல்லாரும் திரும்பி வாருங்கள்.